பூச்சி கடித்தவள்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்தடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் தென்பெண்ணையில் பெருகி வந்து பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. நான் அபிஷேகப்பாக்கம் போய்ச் சேர்ந்தபோது தெருவில் தண்ணீர் வடிந்து சேறு மட்டும் மிச்சமிருந்தது. அம்மா கூடத்துக் கட்டில்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் துடைப்பம்.

"அடுப்பங்கரையில பூச்சி பூந்துடுச்சி. சிலிண்டருக்குப் பின்னாடி கெடக்குது. நீ செருப்பக் கழட்டாத."

பக்கத்து வீட்டுப் பையன் போன் போட்டு, பாம்பு பிடிக்கிறவர் ஒருவர் வந்தார். கம்பியால் நெம்பி வெளியே எடுத்தார். சாரை. கடித்தாலும் விஷம் கிடையாது. எலி தேடி வந்திருக்கும், இல்லையென்றால் வெள்ளத்துக்கு ஒதுங்கியிருக்கும் என்றார். பையில் போட்டுக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகும் அம்மா கட்டிலைவிட்டு இறங்கவில்லை.

"வர்ற வெள்ளிக்கெழம பூவாடைக்கு ஒரு படையல் போட்டுடணும்" என்றாள்.

தென்னாற்காடு, புதுச்சேரிப் பக்கத்துப் பெண்களுக்குப் பூவாடைக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மஞ்சள் குங்குமத்தோடு, கணவனுக்கு முன்னால், பெரும்பாலும் சின்ன வயதில் செத்துப்போன பெண் அந்த வீட்டுக்குப் பூவாடை ஆகிறாள். வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் அவளுக்குப் புதுப்புடவையும் பூவும் வைத்துப் படைக்க வேண்டும். படைத்த புடவையை வீட்டுப் பெண் ஒருத்தி கட்டிக்கொள்வாள். எங்கள் வீட்டுப் பூவாடை என் தாத்தாவின் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவளுக்கு எங்கள் வீட்டில் பெயர் கிடையாது. "பூச்சி கடிச்சவ" என்றுதான் சொல்வார்கள்.

இந்தக் கட்டுரை அவளைப் பற்றியது. அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பாம்பைப் பற்றியும், சைகோனைப் பற்றியும், மண்ணெண்ணெயைப் பற்றியும், நான் வகுப்பில் நடத்தும் பாடத்தைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது.

*

அவள் செத்த கதையை எனக்குச் சொன்னது என் ஆயா. நான் கல்லூரியில் சேர்ந்த வருடம், ஒரு மழைக்கால ராத்திரியில் சொன்னாள். ஆயாவுக்கு அவள் ஓரகத்தி. பூச்சி கடித்தவளுக்கு அப்போது பதினெட்டு வயது இருக்கும் என்பாள். ஆயா அவளைவிட நாலு வயது சின்னவள். அந்த வீட்டுக்கு வந்து நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. யுத்த காலம். மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. வீட்டுக்கு ஒரு சிம்னி விளக்கு, அதுவும் சாப்பாடு முடிந்ததும் அணைத்துவிட வேண்டும்.

அன்றைக்கு அவள் வீட்டுக்கு விலக்கு. பின்கட்டுத் தாழ்வாரத்தில் குதிருக்கும் விறகு அடுக்குக்கும் நடுவே அவளுக்கு என்று ஒரு கிழிந்த பாய், ஒரு சொம்பு, ஒரு தட்டு. அறுவடைக்கு முந்தின மாதம். குதிரில் பழைய நெல் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நெல் இருந்தால் எலி இருக்கும்.

"நடுச்சாமத்துல வயிறு வலிக்குதுன்னு கூப்புட்டா. மாமியா எழுந்திருக்கல. தூரத்து வலிதான, விடிஞ்சா சரியாப் போயிடும்னுச்சி. நான்தான் சுக்குத் தட்டிக் கசாயம் வெச்சிக் குடுத்தேன். கிட்டப் போய்த் தொடக் கூடாது இல்ல, வாசப்படியில வெச்சிட்டு வந்துட்டேன். அவளால முழுங்க முடியல. வாயோரம் வழிஞ்சிது. கண்ணு சொக்கிச் சொக்கிப் போச்சி. மாமியா வந்து பாத்துட்டு, தூக்கத்துல ஒளறுறான்னு வஞ்சிட்டுப் போயிடுச்சி. வெடியக்காலம் சாணி தெளிக்க எழுந்தேன். அப்பவே ஆளு இல்ல."

பாயைச் சுருட்டியபோது அடியில் அது கிடந்தது. கறுப்பு உடம்பில் வெள்ளைக் கட்டுக் கட்டாக. கட்டுவிரியன்.

இன்றைக்கு எந்த மருத்துவ மாணவியிடம் கேட்டாலும் சொல்வாள். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைத்தான் அதிகம் கடிக்கும். நாகமோ கண்ணாடி விரியனோ கடித்தால் கடிவாய் வீங்கும், எரியும். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. பல் பட்ட தடமே பல நேரம் தெரியாது. முதலில் வருவது வயிற்று வலி. பிறகு இமை தொங்கும், விழுங்க முடியாது, நாக்குக் குழறும். கடைசியில் மூச்சை இழுக்கிற தசைகள் செயலற்றுப் போகும். நினைவு கடைசிவரை இருக்கலாம்.

ஆயா சொன்னதும் மருத்துவப் பாடம் சொல்வதும் வரிக்கு வரி ஒன்றுதான். ஒன்றே ஒன்று மட்டும் பாடத்தில் இல்லை. அவள் மாதவிலக்கில் இருந்ததால் வயிற்று வலி யாருக்கும் செய்தியாகப் படவில்லை. பெண்ணுக்கு வலிப்பது வழக்கம் என்று இருந்துவிட்டார்கள்.

விடிந்ததும் ஏரிக்கரையிலிருந்து ஒரு வில்லிச்சியைக் கூட்டி வந்தார்களாம். இருளர்களை எங்கள் பக்கத்தில் வில்லியர் என்பார்கள். அவள் செத்தவளின் கண்ணை விலக்கிப் பார்த்துவிட்டு, "ராத்திரியே ஏன் சொல்லி அனுப்பல?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம். யாரும் பதில் சொல்லவில்லை. பாம்பை எடுத்துக்கொண்டு போனாள். கொல்லைப்புறமாக வந்தவள் கொல்லைப்புறமாகவே போனாள். முன்வாசல் வழியாக அவளை விடுகிற வழக்கம் இல்லை.

அடுத்த தை மாதம் தாத்தாவின் அண்ணனுக்கு மறு கல்யாணம் நடந்தது. வந்தவள் எங்களுக்குப் பெரியாயா ஆனாள். பேரப் பிள்ளைகளுக்குத் தாத்தா ஆயா பெயர் வைப்பது எங்கள் வழக்கம். பெரியாயா பெயர் என் அத்தை மகளுக்கு இருக்கிறது. பிள்ளை பெறாமல் செத்தவளின் பெயரை யார் வைப்பார்கள்? ஆயாவிடம் கேட்டேன். நாலைந்து மாதம் ஒன்றாய் இருந்தும் ஆயாவுக்கு அவள் பெயர் தெரியவில்லை. "அக்கான்னுதான் கூப்புடுவேன்" என்றாள்.

*

அவள் செத்தது பிரெஞ்சு ஆட்சியில். புதுச்சேரி இந்தியாவோடு இணைந்தது 1954 நவம்பர் 1-ல். சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல். அந்த ஆட்சிக்கும் பாம்புக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. அந்தத் தொடர்பு தொடங்கியதும் ஒரு வெள்ளத்தில்தான்.

1891 அக்டோபர். இன்றைய வியட்நாமின் தென்கோடி, மேகாங் கழிமுகத்தில் பாக்லியூ என்ற ஊர். மழைவெள்ளத்தில் வளைகளைவிட்டு வெளியேறிய நாகங்கள் குடிசைகளுக்குள் புகுந்து நாற்பது பேரைக் கடித்தன. நான்கு பேர் இறந்தார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் பிடித்துக் கொடுத்த நாகங்கள் பீப்பாயில் அடைக்கப்பட்டு சைகோனுக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே அதே ஆண்டு பாஸ்டர் ஆய்வகத்தைத் தொடங்கியிருந்த பிரெஞ்சுக் கடற்படை மருத்துவர் ஆல்பெர் கால்மெட் அந்த விஷத்தை எடுத்து ஆராயத் தொடங்கினார். 1894-ல் பாரிஸில் அவர் பாம்பு விஷத்துக்கு மாற்றாகச் சீரத்தை அறிவித்தார். அதே சமயத்தில் ஃபிசாலிக்ஸ், பெர்த்ராங் என்ற வேறு இருவரும் தனியாக அதே முடிவுக்கு வந்திருந்தார்கள். குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் மருந்து. இன்றுவரை அடிப்படை முறை அதுதான்.

கால்மெட்டை நமக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். உங்கள் தோளில் பிறந்தபோது போட்ட தடுப்பூசியின் தழும்பு இருக்கும். பி.சி.ஜி. என்ற அந்தப் பெயரின் நடு எழுத்து கால்மெட்தான்.

அந்தக் காலத்தில் சைகோன் புதுச்சேரிக்காரர்களுக்கு அயலூர் இல்லை. 1881 ஆணைப்படி தங்கள் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற தமிழர்கள் பலர் அங்கே காவல்துறையிலும் வரி வசூலிலும் அலுவலகங்களிலும் வேலைக்குப் போனார்கள். வணிகர்களும் போனார்கள். சைகோன் பணத்தில் கட்டிய வீடுகள் எங்கள் பக்கத்தில் இருந்தன. சைகோன் பெட்டி, சைகோன் பட்டு என்ற பேச்சும் இருந்தது. பணம் வந்தது, பட்டு வந்தது. பாம்புக்கடிக்கு மருந்து உண்டு என்ற செய்தி மட்டும், அது பிறந்து ஐம்பது வருடம் ஆகியும், எங்கள் பின்கட்டுக்கு வந்து சேரவில்லை.

அந்த மருந்து வந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று நான் சொல்லவில்லை. கால்மெட் தன் சீரம் எல்லாப் பாம்புக்கும் கேட்கும் என்று நம்பினார். இந்தியாவில் ஆராய்ந்த ஜார்ஜ் லேம்பும் மற்றவர்களும் அது தவறு, ஒரு பாம்பின் விஷத்துக்கான மருந்து இன்னொன்றை முறிக்காது என்று காட்டினார்கள். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குச் சுண்ணாம்பாற்றைத் தாண்டி மாட்டு வண்டியில் போக வேண்டும். தெற்கே கடலூர், அது வெள்ளைக்காரன் சீமை. இவ்வளவு தடையும் உண்மை. ஆனால் அன்றிரவு வண்டியைப் பூட்டலாமா வேண்டாமா என்ற பேச்சே அந்த வீட்டில் எழவில்லை. வில்லிச்சி கேட்ட கேள்வி அதைத்தான் கேட்டது.

*

நான் தமிழ் படித்தவள், தமிழ் நடத்துகிறவள். பாம்பு எங்கள் பாடத்தில் இரண்டு இடத்தில் தவறாமல் வரும்.

ஒன்று, பெண்ணின் உடம்பு. பாம்பின் விரிந்த படத்தைப் பெண்ணின் அல்குலுக்கு உவமை சொல்வது பக்திப் பாடல்கள் முதல் காப்பியங்கள் வரை வழிவழி வந்த மரபு. நான் எம்.ஏ. படித்தபோது அந்தச் சொல் வந்தால் பின்வரிசைப் பையன்கள் சிரிப்பார்கள். நாங்கள் புத்தகத்துக்குள் குனிந்துகொள்வோம். உரையாசிரியர்கள் அதற்கு எழுதிய பொருளையெல்லாம் நான் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்த மரபை என் முதல் தொகுப்பின் கவிதை ஒன்றில் நானே கொஞ்சம் மாற்றிக் கையாண்டும் இருக்கிறேன். எழுதியபோது பாயின் அடியில் கிடந்த பாம்பு எனக்கு நினைவுக்கு வரவில்லை.

இரண்டாவது, இரவுக்குறி. தலைவன் நள்ளிரவில் மலை வழியே வருவான். வழியில் பாம்பு, யானை, புலி, காட்டாற்று வெள்ளம். அதை நினைத்துத் தலைவி வீட்டுக்குள் நடுங்குவாள். வழியின் கொடுமையைச் சொல்லித் தோழி திருமணத்துக்கு நெருக்குவாள். ஆபத்து ஆணின் வழியில். பெண் வீட்டில், காவலில்.

சில வருடங்களுக்கு முன் இதை நடத்திக்கொண்டிருந்தபோது பாகூர்ப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். "மேம், எங்க ஊர்ல இருட்டுல போறது பொண்ணுங்கதான மேம்?" வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அவள் என்ன சொன்னாள் என்பது உறைத்தது.

ஆண்கள் வெளிச்சத்தில் ஒதுங்கலாம். பெண்கள் விடிவதற்கு முன்னே போக வேண்டும், இல்லையென்றால் பொழுது சாய்ந்த பின்னே போக வேண்டும். வரப்போரம், ஏரிக்கரை, கருவேலம்புதர். எலியும் தவளையும் வெளியே வரும் நேரம் அது. அவற்றைத் தேடி அதுவும் வரும். "பூச்சி பொட்டு கெடக்கும், தட்டித் தட்டி நட" என்று அம்மா என்னிடம் ஒரு குச்சியைக் கொடுத்து அனுப்புவாள். பாம்புக்குக் காதால் கேட்பதைவிடத் தரையின் அதிர்வு நன்றாகத் தெரியும் என்பது அம்மா படிக்காமல் கற்ற அறிவியல். டார்ச் லைட் இருந்தது. அது அப்பா வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போக. பின்னால் கழிப்பறை கட்டியது 1991-ல், நான் பெரியவளான வருடம். எனக்காகத்தான் கட்டினார்கள். அதற்கு முன் அந்த வீட்டில் நான்கு பெண்கள் இருந்தார்கள்.

எங்கள் வீட்டில் கட்டில் ஒன்றுதான். தாத்தாவுக்கு, பிறகு அப்பாவுக்கு. ஆண்கள் திண்ணையில், மேட்டில் படுப்பார்கள். பெண்களும் பிள்ளைகளும் தரையில், அடுப்பங்கரை வாசலில், நெல் மூட்டைக்குப் பக்கத்தில். நேபாளத் தராய்ப் பகுதியில் நடந்து 2007-ல் வெளியான ஓர் ஆய்வு, கொசுவலைக்குள் உறங்குகிறவர்களுக்குப் பாம்புக்கடி குறைவு என்று காட்டியது. வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிட்டால் போதும். எங்கள் வீட்டில் ஒரு கொசுவலை இருந்தது. அது கட்டிலுக்கு.

*

பாம்புக்கடியால் இந்தியாவில் எத்தனை பேர் சாகிறார்கள் என்று நெடுங்காலம் சரியான கணக்கு இல்லை. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினார்கள். வீடு வீடாகப் போய், செத்தவர் எப்படிச் செத்தார் என்று உறவினரிடம் கேட்டு எழுதிய பெரிய ஆய்வு ஒன்று 2011-ல் வெளியானது. 2005-ல் மட்டும் சுமார் 46,000 பேர். அவர்களில் 97 விழுக்காட்டினர் கிராமத்தினர். ஆண்கள் 59, பெண்கள் 41 விழுக்காடு. மருத்துவமனையில் இறந்தவர்கள் 23 விழுக்காடுதான். மற்றவர்கள் வீட்டிலும் வழியிலும் வேறிடங்களிலும். 2020-ல் வந்த அடுத்த ஆய்வு 2000 முதல் 2019 வரை 12 லட்சம் பேர் என்று கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000.

வயலில் அதிகம் நிற்பது ஆண்கள், அதனால் ஆண்கள் அதிகம் என்று விளக்கம் சொல்வார்கள். எங்கள் ஊரில் நாற்று நடுவதும் களை பறிப்பதும் யார் என்று யாராவது வந்து பார்க்கலாம். எனக்கு அந்த 41 போதும். அவர்களில் எத்தனை பேர் விறகு எடுக்கப் போனவர்கள், எத்தனை பேர் வறட்டி எடுக்கக் கை நீட்டியவர்கள், எத்தனை பேர் ஒதுங்கப் போனவர்கள் என்று அறிய வேண்டும்.

எத்தனை பேர் விலக்கில் படுத்திருந்தவர்கள் என்றும் அறிய வேண்டும். 2017 ஜூலையில் நேபாளத்தின் தைலேக் மாவட்டத்தில், மாதவிலக்குக்காக மாட்டுக் கொட்டகையில் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த ஓர் இளம்பெண்ணைப் பாம்பு கடித்துக் கொன்றது. அடுத்த மாதமே அப்படி ஒதுக்கிவைப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கி அந்த நாட்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அந்தச் செய்தியைப் பேருந்தில் வாசித்தேன். நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன்.

*

அவள் செத்ததோடு கதை முடியவில்லை. அவளுக்குத் தங்கை ஒருத்தி இருந்தாள். அக்காளைப் பூச்சி கடித்தது என்றால் அந்த வீட்டில் நாகதோஷம் இருக்கிறது என்று ஊர் சொன்னது. தங்கையைப் பெண் கேட்டு வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். ஆடி மாதம்தோறும் புற்றுக்குப் பாலும் முட்டையும் வைத்தாள். குளத்தங்கரை அரச மரத்தடியில் நாகக் கல் நட்டு மஞ்சள் பூசிச் சுற்றினாள். பல வருடம் கழித்து ஒருவருக்கு இரண்டாம் தாரமாகப் போனாள்.

நான் புற்றைக் கும்பிடுகிறவர்களைக் கேலி செய்யவில்லை. நானும் அம்மாவோடு போய்ச் சுற்றியவள்தான். அந்தச் சுற்றில்தான் அத்தைகளும் சித்திகளும் வீட்டில் பேச முடியாததைப் பேசிக்கொண்டார்கள். பாம்பு பால் குடிக்காது என்று இப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். என் கேள்வி வேறு. கடித்தது பாம்பு. படுக்கவைத்தது வீடு. தோஷம் மட்டும் எப்படிப் பெண்ணின் ஜாதகத்துக்குப் போய்ச் சேர்ந்தது? மறு கல்யாணம் செய்துகொண்ட தாத்தாவின் அண்ணனுக்கு யாரும் தோஷம் பார்க்கவில்லை.

பாம்பு கடித்துப் பெண் செத்தால் மேலே கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதைத் தெரிந்துவைத்திருந்த ஒருவனைப் பற்றி நாடே படித்தது. 2020-ல் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தைச் சேர்ந்த இளம் மனைவி ஒருத்தியை மார்ச்சில் ஒரு விரியன் கடித்தது. அதிலிருந்து தேறிப் பெற்றோர் வீட்டில் இருந்தவளை மே மாதம் நாகம் கடித்து இறந்தாள். அடைத்த அறைக்குள் பாம்பு எப்படி வந்தது, ஒருத்தியையே இரண்டு முறை எப்படித் தேடி வந்தது என்று அவளுடைய பெற்றோர் கேட்டார்கள். விடாமல் கேட்டார்கள். கணவன் பணம் கொடுத்துப் பாம்பு வாங்கி வந்தது தெரிந்தது. வரதட்சணை நகையும் சொத்தும் காரணம். 2021 அக்டோபரில் அவனுக்கு இரட்டை ஆயுள் தண்டனை கிடைத்தது.

எங்கள் வீட்டில் நடந்தது கொலை இல்லை. ஆனாலும் அந்தப் பெற்றோர் கேட்ட கேள்வியின் பாதியை எங்கள் வீட்டிலும் யாராவது கேட்டிருக்க வேண்டும்.

*

கேட்ட ஒருத்தி வில்லிச்சி. அவள் பெயரையும் எங்கள் வீட்டில் யாரும் வைத்திருக்கவில்லை.

பாம்பைப் பற்றிய அறிவு எங்கள் பக்கத்தில் இருளர்களிடம்தான் இருந்தது. எந்த வளையில் எந்தப் பாம்பு என்று தடம் பார்த்துச் சொல்வார்கள். பாம்புத் தோலுக்கு வெளிநாட்டில் விலை இருந்த காலத்தில் வியாபாரிகளுக்காகப் பிடித்தார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1976-ல் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை நிறுத்தின. 1978-ல் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் ராமுலஸ் விட்டேக்கரின் துணையோடு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் அது இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, சில வாரங்கள் பானையில் வைத்திருந்து, விஷம் எடுத்தபின் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். இந்தியாவில் மருந்துக்குப் போகும் விஷத்தில் பெரும்பகுதி அங்கிருந்து வந்தது. இன்று நம் பிள்ளைக்கு ஏற்றும் மருந்தில் இருளர் கை இருக்கிறது.

அந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தபோது மகிழ்ந்தேன். புதுச்சேரி இருளர்கள் பட்டியல் பழங்குடியினராக அறிவிக்கப்பட்டதே 2016 டிசம்பரில்தான். எங்கள் ஏரிக்கரையில் அவர்கள் குடிசைகளுக்கு விளக்கு வந்தது ஊருக்குள் வந்து நெடுநாள் கழித்து. விலக்கு, இருட்டு, தரை என்று நான் என் வீட்டுப் பெண்களுக்காக அடுக்குகிறேன். அவர்களுக்கு இதெல்லாம் எந்நாளும் இருந்தது. எங்கள் வீட்டு நெல்லைத் தின்ற எலிகளைப் பிடித்ததும் அவர்கள்தான்.

*

சென்ற ஆண்டு ஒரு பழைய வீட்டுப் பத்திர வேலையாகப் பிரெஞ்சுக் காலத்துப் பிறப்பு இறப்புப் பதிவுகளைப் பார்க்க வேண்டியிருந்தது. வேலை முடிந்தும் நான் மேலும் சில பக்கங்களைப் புரட்டினேன். யுத்த காலம், ஐப்பசி கார்த்திகை, எங்கள் ஊர். மூன்றாம் நாள் கிடைத்தாள். 1943 நவம்பர். கணவன் பெயர் பொருந்தியது, மாமனார் பெயர் பொருந்தியது. வயது பதினெட்டு. தொழில் என்ற இடத்தில் இல்லை என்று எழுதியிருந்தது. நாற்று நட்டு, நெல் குத்தி, தண்ணீர் சுமந்தவளுக்குத் தொழில் இல்லை. அறிவித்தவர் ஓர் ஆண்.

அவள் பெயர் இருந்தது. பிரெஞ்சுக்காரன் எழுத்தில் கொஞ்சம் சிதைந்து, ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் தெளிவாக.

எதனால் செத்தாள் என்பது அதில் இல்லை. பிரெஞ்சுச் சட்டப்படி எழுதும் இறப்புப் பதிவில் காரணத்துக்கு இடம் கிடையாது. எங்கள் வீட்டில் காரணம் இருந்தது, பெயர் இல்லை. எண்பது வருடம் இரண்டும் வேறு வேறு இடத்தில் இருந்திருக்கின்றன.

அவளுக்குக் கிடைக்காதது இன்று இருக்கிறது. நான்கு பாம்புகளுக்கும் சேர்ந்த மருந்து உண்டு. மூச்சு நின்றுபோகிறவர்களை வென்டிலேட்டரில் வைத்துப் பிழைக்கவைக்க முடியும். கட்டுவிரியன் கடித்தவர்கள் அப்படி எழுந்து நடந்து வீட்டுக்குப் போகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2017-ல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030-க்குள் சாவைப் பாதியாகக் குறைக்க 2024 மார்ச்சில் இந்திய அரசு செயல்திட்டம் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டில் பாம்புக்கடி கட்டாயம் பதிவு செய்ய வேண்டிய நோயானது. கீறாமல், இறுக்கிக் கட்டாமல், கடித்த காலை அசைக்காமல், 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் போதும் என்று என் மாணவிகளிடம் சொல்கிறேன். கூடவே இன்னொன்றும் சொல்கிறேன். மழைக்காலத்தில் தரையில் படுத்த பெண் நடுராத்திரி வயிறு வலிக்கிறது என்று எழுந்தால், இமை தொங்கினால், தேதியைக் கணக்குப் பார்க்காதீர்கள். வண்டியைக் கூப்பிடுங்கள்.

அம்மா சொன்னபடி அந்த வெள்ளிக்கிழமை படையல் போட்டோம். சுவரில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பிச்சிப்பூவும் நீலப் புடவையும் வைத்தோம். கற்பூரம் ஏற்றும் முன் பதிவேட்டில் பார்த்ததை அம்மாவிடம் சொன்னேன். அதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன். ஏன் என்று தெரியவில்லை. அவள் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. முதலில் அது எங்கள் வீட்டுப் பெண்களின் வாயில் கொஞ்ச காலம் இருக்கட்டும்.

அம்மா அந்தப் பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். "நல்ல பேரு" என்றாள். கற்பூரம் ஏற்றினாள். கும்பிட்டு எழுந்ததும், புடவையை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "பின்கட்டுல பல்பு நாலு நாளா எரியல. பொழுது போறதுக்குள்ள போய் ஒண்ணு வாங்கியாந்து மாட்டு."